புது டயரும் எல்லநள்ளி இறக்கமும்

முப்பத்தாறாவது வயதில் நான் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. எனக்கு அப்படி ஒரு ஆசை வெகுநாளாக இருந்ததாக எங்கள் ஊரான கேத்தியில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஒரு ஆடி மாத மழையில் என் கணவர் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படியில் ஏறினார். பாசியில் கால் வழுக்கியது. சிலிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய வலது முழங்கை மூன்றாக உடைந்தது.

குன்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள். கட்டைப் பிரித்தபோது கை பாதி மடங்கியபடியே மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது. மடக்கச் சொன்னால் தோள்தான் ஏறி இறங்கியது. டாக்டர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. வாரத்தில் மூன்று நாள் இங்கே வந்து பயிற்சி எடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவுதான், அதற்குப் பிறகு இறுகிவிடும் என்றார். "வண்டியைத் தொடவே கூடாது. அந்தக் கை மேல இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று இரண்டு முறை சொன்னார்.

வலது கை மடங்காவிட்டால் என்ன ஆகும் என்பது வீட்டுக்கு வந்து இலை போட்ட பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. சோற்றைப் பிசைய முடிந்தது. எடுத்து வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. நான் ஊட்ட வந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார். சிந்தியதை யாரும் பார்க்கக் கூடாது என்று அவரே குனிந்து பொறுக்கினார். பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி வரைக்கும் நிற்பதில்லை. வேலையிடத்தில் அவர் சகாக்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவர், பேச்சும் சாப்பாடும் அவருக்கு ஒன்றுதான். லீவு முடிந்து போனால் அங்கே எப்படி உட்காருவது என்பதுதான் அவருடைய ஒரே கவலையாக இருந்தது. என் கவலையும் அதுவாகிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இதைக் கேள்விப்பட்டு, "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைங்கறது சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தயிருக்கு உறை கொடுப்பதை நிறுத்தினேன்.

தினமும் சாயங்காலம் ஒரு வேலை வைத்துக்கொண்டோம். அவர் கையை முடிந்தவரை வாய்ப்பக்கம் கொண்டுவருவார். மீதி இருக்கிற இடைவெளியை நான் என் விரலால் அளப்பேன். முதல் நாள் ஒரு சாணுக்கு மேல் இருந்தது.

முதலில் பஸ்ஸில்தான் குன்னூருக்குப் போனோம். எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் காலை நேரத்தில் உட்கார இடம் கிடைத்தால் அது முன்ஜென்மப் புண்ணியம். காரட் மூட்டைகளுக்கும் முட்டைக்கோஸ் கூடைகளுக்கும் நடுவில், ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவது வாரம் டிரைவர் ஒரு மாட்டுக்காகப் பிரேக் போட்டார். இவர் கை கம்பியில் போய் இடித்தது. வலியில் பஸ்ஸுக்குள்ளேயே சத்தம் போட்டு அழுதார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒவ்வொரு தடவையும் ஜீப் வைத்துப் போக நாங்கள் எஸ்டேட் முதலாளி அல்ல. வீட்டு வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் தார்ப்பாய் போர்த்தியபடி நின்றது. அதைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

"உனக்கென்ன கிறுக்காட்ட இருக்குதா?" என்றார்.

"வேற வழி சொல்லுங்க" என்றேன்.

வண்டி ஓட்டிப் பழகச் சமதளம் வேண்டும். நீலகிரியில் சமதளம் என்றால் பள்ளிக்கூட மைதானம், இல்லாவிட்டால் சுடுகாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் பழகினேன். அவர் ஓரமாக நின்று, கழுத்தில் தொங்கும் துணிக்குள் கையை வைத்துக்கொண்டு, கிளச், கியர் என்று கத்துவார். சேலையை விட்டுச் சுடிதாருக்கு மாறினேன். அதற்கும் ஊரில் இரண்டு நாள் பேச்சு ஓடியது. பழகுநர் உரிமம் வாங்கி, பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸும் வாங்கிவிட்டேன். சுண்ணாம்புக் கோட்டில் அழகாக எட்டுப் போட்டவள் எல்லாம் மலைச்சாலையில் வளைவு திரும்பிவிட முடியாது என்பது மறுநாளே தெரிந்தது.

வளைவில் நான் பள்ளத்தைப் பார்த்தேன். பார்க்காமல் எப்படி இருப்பது? பார்த்த பக்கமே வண்டி போனது. பயந்து பிரேக்கை அழுத்தினேன், வண்டி நிமிர்ந்துகொண்டு இன்னும் வெளியே போனது. சாலை ஓரத்துக் கல்லுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றோம். இறங்கி, கல்லின் மேல் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினேன். அவர் வெளிறிப் போயிருந்தார்.

பயந்து பயந்துதான் சிலது கைக்கு வந்தது. வேகத்தைக் குறைப்பதென்றால் வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கைத் தேடக் கூடாது. பள்ளத்தை அல்ல, சாலை எங்கே போய் முடிகிறதோ அங்கே பார்க்க வேண்டும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் இஞ்சினே வண்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது மாதிரி இருக்கும். இது மட்டும் யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்தது. அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

இரண்டு விஷயங்களில் மட்டும் எங்களுக்குள் தீராத சண்டை. ஒன்று, அவர் சாய்கிற விதம். வளைவில் வண்டி சாயும்போது பின்னால் இருப்பவரும் கூடவே சாய வேண்டும். இடது பக்கம் திரும்பும்போது ஒழுங்காக இருப்பார். வலது பக்கம் திரும்பினால் போதும், எதிர்ப்பக்கம் சாய்ந்து, இடுப்பைத் தூக்கி, வண்டியை நிமிர்த்தப் பார்ப்பார். எனக்கு ஹாண்டிலில் அப்படியே தெரியும். "என்னைய நம்பலைன்னா எறங்கிக்கோங்க" என்று ஒருமுறை குன்னூர் வழியில் வெலிங்டன் பக்கத்தில் நடுரோட்டில் நிறுத்திவிட்டேன். "நான் ஒண்ணியும் பண்ணலையே" என்றார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இன்னொன்று பெட்ரோல். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேத்தியிலிருந்து மேலே ஏறி எல்லநள்ளியில் பெரிய ரோட்டைப் பிடித்துவிட்டால் குன்னூர் வரை பெரும்பாலும் இறக்கம்தான். எல்லநள்ளியில் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, வண்டியைத் தன் போக்கில் விட்டுவிடுவார்கள். காய்கறி ஜீப்பும் விடும், டாக்ஸியும் விடும், மோட்டார் சைக்கிளும் விடும். எவ்வளவு தூரம் ஸ்டார்ட் பண்ணாமல் போனேன் என்பது டீக்கடையில் ஆண்களுக்கு ஒரு பெருமை. இறக்கத்துக்கும் பெட்ரோல் எரிக்கிறவனை ஊதாரி என்பார்கள். இவருக்கு அது பதினெட்டு வயதிலிருந்து பழக்கம்.

"எறக்கத்துக்கு எதுக்கு புள்ள இஞ்சினு? அணைச்சு விடு, அது பாட்டுக்குப் போவும்."

"அணைச்சுட்டா வண்டிய எது புடிக்கும்?"

"பிரேக்கு எதுக்கு இருக்குது?"

"எனக்கு இஞ்சினு புடிக்கோணும்" என்பேன். நான் ஒருநாளும் அணைக்கவில்லை. ஒவ்வொரு முறை எல்லநள்ளி வரும்போதும் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வரும். தன் வண்டி, தன் ரோடு, தன் பழக்கம். எதிலும் அவர் பேச்சு எடுபடவில்லை. எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் என்ன செய்வது?

பயிற்சி மட்டும் பலன் தந்துகொண்டிருந்தது. சாண் எட்டு விரலானது. எட்டு ஆறானது. பயிற்சி கொடுக்கும் பெண் அவர் கையைப் பிடித்து மடக்கும்போது அவர் பல்லைக் கடிப்பது வெளியே பெஞ்சில் இருக்கும் எனக்குக் கேட்கும். வெளியே வரும்போது சட்டை நனைந்திருக்கும், முகத்தில் மட்டும் ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும். ஐப்பசி பிறந்தபோது நான்கு விரல். நாக்கை நீட்டினால் எட்டிவிடும் என்று எங்கள் பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவரும் நாக்கை நீட்டிக் காட்டினார்.

அந்த மழையில்தான் பின் டயர் போய்விட்டது. வண்டி இரண்டு முறை பின்பக்கம் லேசாக விலகியது. இறங்கிப் பார்த்தால் டயர் மொழுமொழு என்று இருந்தது, கோடு ஒன்றுகூட இல்லை. பயிற்சி முடிந்து குன்னூரிலேயே ஒரு டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாருங்க ஓட்டறது?" என்று அவரிடம் கேட்டார். அவர் வேறு பக்கம் பார்த்தார். நான்தான் என்றேன். கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, நல்ல மனிதர், வேறொன்றும் கேட்காமல் டயர்களை எடுத்துப் போட்டார்.

பெரிய கம்பெனி டயர் ஒன்று. தொட்டாலே ரப்பர் மெத்தென்று இருந்தது. விலையைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன். பழைய டயர் மேல் புது ரப்பர் ஒட்டியது ஒன்று, மலிவோ மலிவு. "இத லாரிக்குப் போடுவாங்க அக்கா. ரெண்டு சக்கரத்துல பின்னால ஆள வச்சுட்டுப் போறவீங்களுக்கு நான் தர மாட்டேன்" என்று அவரே திரும்ப வைத்துவிட்டார். அப்புறம் பட்டன் டயர். கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும். எங்கள் பள்ளத்தாக்கில் பாதி வண்டிகளுக்கு அதுதான். காரட் தோட்டத்துச் சேற்றில் அது ஏறும். இவர் அதைத்தான் காட்டினார்.

"பட்டனே போட்டுருங்க."

"தோட்டத்துக்குள்ள போவீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இல்லைங்க, தார் ரோட்டுலதான்" என்றேன் நான்.

"அப்பப் பட்டன் வேண்டாமுங்க. சேத்துல கடிக்கும், நனைஞ்ச தாருல அந்தக் கட்டைங்க மட்டுந்தான் தரையத் தொடும். வளைவுல வழுக்கும்." பேர் கேள்விப்படாத கம்பெனி டயர் ஒன்றை எடுத்தார். நடுவில் நீளக்கோடு, ஓரத்தில் தண்ணீர் வெளியேறச் சாய்ந்த கோடுகள். விலை எங்களுக்குக் கட்டுப்படியானது. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்களைக் காட்டி, எந்த வருஷத்தில் எத்தனையாவது வாரம் செய்தது என்று அதில் இருக்கும், மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சரக்கை வாங்கினால் ரப்பர் காய்ந்து போயிருக்கும் என்று சொன்னார். நான் குனிந்து படித்தேன். செய்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. பெரிய வித்தை கற்றுக்கொண்டவள் மாதிரி நிமிர்ந்து, "இதையே போடுங்க" என்றேன்.

"என்ற வண்டிக்குப் பட்டன் டயருதான்" என்றார் அவர்.

"ஓட்டறது நான்" என்றேன்.

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவன் சிரித்தான். அவர் கடையை விட்டு வெளியே போய், ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். வாய் தவறி வந்த வார்த்தை அல்ல அது. சரியாகவே சொன்னேன், உண்மையையே சொன்னேன். ஆனாலும் அந்த முதுகைப் பார்த்தபோது என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

டயரை மாட்டி முடித்த கடைக்காரர், "புது டயருக்கு மேல ஒரு வழுவழுப்பு இருக்கும் அக்கா. ஒரு நூறு கிலோமீட்டராச்சும் ஓடிச் சொரசொரப்பு வர்ற வரைக்கும் வளைவுல ரொம்பச் சாய்க்காதீங்க, ஈரத்துல மெதுவாப் போங்க" என்றார். தலையாட்டினேன். நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டுதான் தலையாட்டினேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் என்னோடு நேராகப் பேசவில்லை. பிள்ளைகள் வழியாகத் தண்ணீர் கேட்டார். ஞாயிறு சாயங்காலம் மட்டும், வழக்கம் போல, அளக்க வந்து உட்கார்ந்தார். கையைக் கொண்டுவந்தார். இன்னும் கொஞ்சம் கொண்டுவந்தார். இரண்டு விரல்தான் இடைவெளி. என்னால் நம்ப முடியவில்லை, மறுபடி அளந்தேன். இரண்டேதான். கோபத்தை மறந்து, "இந்த வாரத்துல எட்டிப் போடுமாட்ட இருக்குதுங்க" என்றேன். அவரும் சிரித்தார். உடனே கோபம் நினைவுக்கு வந்து எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை நல்ல வெயில். ஒரு வாரமாக மழை பெய்த பிறகு வந்த வெயில், ரோடு காய்ந்து வெளுத்திருந்தது. எனக்கு அதில் சந்தோஷம். புது டயர் காய்ந்த ரோட்டிலேயே கொஞ்சம் தேயட்டும் என்று நினைத்தேன். மேலே ஏறும்வரை அவர் பேசவில்லை. எல்லநள்ளி வந்தது. வழக்கமான பெருமூச்சுகூட வரவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கேட்பதையே விட்டுவிட்டார் என்றால் மனிதர் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்? ஓரமாக நிறுத்தினேன். நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தேன். காலால் ஒரு உந்து உந்தினேன்.

வண்டி நகர்ந்தது. பின்னாலிருந்து, "அப்படி வா வழிக்கு!" என்றார். இடது கையால் என் தோளில் தட்டினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. இஞ்சின் சத்தம் இல்லை. காற்றும் செயின் ஓடுகிற கிறுகிறு சத்தமும் மட்டும். அவர் என் காது ஓரத்தில் பேசிக்கொண்டே வந்தார். இந்த வளைவில் பிரேக்கைத் தொட வேண்டாம், அடுத்ததில் லேசாகத் தொடு, அந்த மரத்துக்கு அப்புறம் விட்டுவிடு என்று. ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம். அவர் சொல்ல நான் செய்ய, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வண்டி ஓட்டினோம். கல்யாணமான புதிதில் நஞ்சநாடு கிராமம் வரை வண்டியில் போவோமே, அது மாதிரி இருந்தது. வண்டியைத் தொட்ட நாளிலிருந்து முதல் தடவையாக நான் பயப்படவில்லை.

எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த ஒன்றை அந்தச் சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். பள்ளத்தாக்கில் பிடுங்கிய காரட்டை ஓடையோரத்து இயந்திரத்தில் போட்டு அலசி, ஈரம் சொட்டச் சொட்ட மூட்டை பிடித்து லாரியில் ஏற்றுவார்கள். மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்குப் போகும் அந்த லாரிகள் வழியெல்லாம் தண்ணீர் விட்டுக்கொண்டே போகும். நேர் ரோட்டில் சொட்டுத்தான். வளைவில் லாரி சாயும்போது தேங்கியது மொத்தமும் சரிந்து கொட்டும். எவ்வளவு வெயில் அடித்தாலும் காலை நேரத்தில் வளைவு நனைந்திருக்கும். நாங்கள் அதைக் காரட் தண்ணி என்போம். எத்தனை பேர் அதில் விழுந்திருக்கிறார்கள் என்று கேத்தியில் யாரைக் கேட்டாலும் விரல் விட்டுச் சொல்வார்கள்.

வலது பக்கம் திரும்புகிற வளைவு. நுழைந்த பிறகுதான் பார்த்தேன், ரோட்டின் குறுக்கே சேறு கலந்த ஈரம், செம்மண் நிறத்தில். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அது பிடித்திருக்கும். இப்போது பிடிக்க ஒன்றுமில்லை. காலடியில் இருந்தது பிரேக் மட்டும்தான். அழுத்தினேன். அதே நேரத்தில் அவர் எதிர்ப்பக்கம் சாய்ந்தார். பின்சக்கரம் சத்தமே இல்லாமல் என்னை விட்டுப் போனது. வேகம் ஒன்றும் இல்லை. நடந்து வந்த ஆள்கூட எங்களைத் தாண்டியிருக்கலாம். அவ்வளவு மெதுவாக, என்ன நடக்கிறது என்று முழுவதும் தெரிந்தபடி, ஒன்றும் செய்ய முடியாமல் வலது பக்கமாகச் சாய்ந்தோம். எனக்கு உள்ளங்கையும் முட்டியும் சிராய்த்தது. அவர் அந்தக் கையின் மேல் விழுந்தார்.

அவர் கத்தவில்லை. பஸ்ஸில் அழுத மனிதர் ரோட்டில் கத்தவில்லை. அதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பின்னால் வந்த ஒரு காய்கறி ஜீப்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். வண்டியை யாரோ ஓரமாகச் சாய்த்து வைத்தார்கள்.

ஜீப்பில் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பழியைப் பங்கு போட்டுக்கொண்டே வந்தேன். டயரின் வழுவழுப்பு, அது என் பங்கு. அணைத்து விட்டது, சாவியைத் திருப்பியது என் கைதான். காரட் தண்ணீரை மறந்தது நான். அவர் எதிர்ப்பக்கம் சாய்ந்ததையாவது அவர் பக்கம் தள்ளலாம் என்று பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். ஜீப் திரும்பி எங்களை வலது பக்கம் தள்ளும்போதெல்லாம் அவர் உடம்பு மட்டும் தானாக இடது பக்கம் ஒதுங்கியது. கை வலது பக்கக் கதவில் பட்டுவிடாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். இத்தனை நாளும் வண்டியிலும் அதைத்தான் செய்திருக்கிறார். என்னை நம்பாமல் இல்லை. அந்தக் கையைத் தரையிலிருந்து முடிந்தவரை தூரத்தில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்காகத்தான் அவரை நடுரோட்டில் இறங்கச் சொன்னேன்.

"நான் சொன்ன பட்டன் டயரப் போட்டிருந்தா" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லி, சண்டை பிடித்து, அழுது தீர்த்திருப்பேன். அவர் அந்த வாய்ப்பையும் எனக்குத் தரவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கம்பி நகர்ந்துவிட்டது, எலும்பும் விட்டுவிட்டது என்றார். "இப்போதைக்குக் கட்டுப் போட்டு அனுப்பறேன். அடுத்த வாரம் வந்து படுத்துக்கங்க, மறுபடி ஆபரேஷன் பண்ணணும். பயிற்சிக்கு இனி வர வேண்டியதில்லை. எலும்பு சேர்ந்துடும். ஆனா இந்தக் கை இனிமே வாய்க்கு வராது."

ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னார். அப்புறம் படத்தைக் கீழே வைத்துவிட்டு, "யார் வண்டி ஓட்டினது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன்.

"நாந்தானுங்க" என்றார் என் கணவர்.

டாக்டருக்கு வந்ததே கோபம். எத்தனை தடவை சொன்னேன், இரண்டு காதும் அடைத்துவிட்டதா, மூன்று மாதமாகப் பயிற்சி கொடுக்கிற பெண் கஷ்டப்பட்டு மடக்கிவிட்டது எல்லாம் எதற்கு, உங்களுக்கு வீம்பு பெரிசா கை பெரிசா என்று பொரிந்து தள்ளினார். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டரின் பார்வை என் கிழிந்த முட்டிக்கு வந்தது. "பின்னால உட்கார்ந்திருந்த பாவத்துக்கு அவங்களையும் இழுத்துக் கீழே தள்ளியிருக்கீங்க." பிறகு என்னிடம், கொஞ்சம் தணிந்த குரலில், "நீங்களாவது ஓட்ட விடாம தடுத்திருக்கக் கூடாதாம்மா?" என்றார்.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், கெஞ்சுகிற மாதிரி. தலையை ஆட்டினேன். தடுத்திருக்க வேண்டும்தான் டாக்டர் என்பது மாதிரி ஆட்டினேன்.

கட்டுப் போட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். பயிற்சி அறையின் கதவு எதிரே இருந்தது. உள்ளே வேறு யாரோ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க? என்ற தப்பத் தூக்கி எதுக்குங்க உங்க தலைல போட்டுக்கிட்டீங்க?" என்றேன்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கிறுக்குப் புள்ளையா இருக்கறயே. நீ ஓட்டினேன்னு தெரிஞ்சா, இனிமே நீ வண்டியே ஓட்டக் கூடாதும்பாரு டாக்டரு. பொறவு புதங்கெழமை பயிற்சிக்கு என்னைய யாரு கூட்டியாருவா? இன்னும் ரெண்டு வெரலுதான புள்ள பாக்கி."

அவர் முகத்தைப் பார்த்தேன். கை இனிமேல் வாய்க்கு வராது என்று டாக்டர் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கவில்லை.

"நானே கூட்டியாறேனுங்க" என்றேன்.